படுத்த படுக்கையா இருக்கறவங்கள வீட்ல வெச்சு பாத்துக்கறவங்களுக்கு வர்ற ஸ்ட்ரெஸ்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

எங்க அத்தைக்கு, அதாவது வீட்டுக்காரரோட அம்மாவுக்கு, 2017ல ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது பக்கம் கை கால் வரல, பேச்சும் போயிடுச்சு. நாலு வருஷம் எட்டு மாசம் திருச்சியில எங்க வீட்லயே வெச்சுதான் பாத்தோம். அவங்க போனதுக்கு அப்பறம் பிசியோதெரபிக்கு போன எடத்துல பழக்கமானவங்க, தெருக்காரங்க, சொந்தக்காரங்கன்னு யார் வீட்ல யார் விழுந்தாலும் எனக்குதான் ஃபோன் வருது. ஆரம்பத்துல ஏர் பெட் எங்க வாங்குறது, ட்யூப்ல கஞ்சி எப்படி குடுக்கறதுன்னு கேப்பாங்க, பத்து நிமிஷம் கழிச்சு குரல் மாறும், அப்பறம் வர்றதெல்லாம் அவங்களப் பத்துன கேள்வி. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான், அதான் எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல. அனுபவத்துல தெரிஞ்சது, டாக்டருங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டது, படிச்சது, இவ்ளோதான்.

எனக்கு இருக்கறது வெறும் அசதியா இல்ல ஸ்ட்ரெஸ்ஸா, எப்படி கண்டுபிடிக்கிறது?

அசதின்னா ஒரு நாள் நல்லா தூங்கினா போயிடும். இது போகாது. தூங்க நேரம் கெடச்சாலும் தூக்கம் வராது, பக்கத்து ரூம்ல சின்ன சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கழுத்து, தோள்பட்ட எப்பவும் இறுகியே இருக்கும், சாப்பிட்டது செரிக்காது, பால் அடுப்புல வெச்சத மறந்துடுவீங்க, யாராச்சும் "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டாலே கண்ணு கலங்கும். இதுல மூணு நாலு விஷயம் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா அசதின்னு விட்டுடாதீங்க.

டாக்டருங்க இதுக்குன்னே ஒரு கேள்வித்தாள் வெச்சிருக்காங்க, ஸாரிட் ஸ்கேல்னு பேரு, 22 கேள்வி. நோயாளிய பத்தி இல்ல, பாத்துக்கறவங்கள பத்தி. உங்களுக்குன்னு நேரம் இல்லாம போச்சுன்னு தோணுதா, உங்க உடம்பு கெட்டுப் போச்சுன்னு தோணுதா, இப்படி. அத மொதல் தடவ பாத்தப்ப நான் அழுதேன், ஏன்னா அதுவரைக்கும் யாருமே என்கிட்ட அத கேட்டதில்ல.

மனசுதான கஷ்டப்படுது, அதுக்கு எனக்கு எப்படி பிபி வரும்?

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி அட்ரினல்னு ஒரு சுரப்பி இருக்கு. ஆபத்துன்னு மூளை சொன்னா அது அட்ரினலின், கார்டிசால்ங்கற ஹார்மோன்கள ரத்தத்துல விடும், இதயம் வேகமா அடிக்கும், பிபி ஏறும், ஈரல் சர்க்கரைய வெளிய தள்ளும். பாம்பப் பாத்து ஓடணும்னா இது தேவை, ஓடி முடிச்சா எல்லாம் அடங்கிடும். ஆனா வீட்ல படுத்திருக்கறவங்க விஷயத்துல ஓடி முடிக்கிற எடமே கெடையாது, எந்நேரமும் அந்த சுவிட்ச் ஆன்லயே கெடக்கு. அதனாலதான் பிபி, சுகர் ரெண்டும் ஏறுது, அடிக்கடி சளி புடிக்குது, காயம் ஆற லேட் ஆகுது.

காயம்னு சும்மா சொல்லல. 1995ல அமெரிக்காவுல மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள பாத்துக்கற 13 பொம்பளைங்களையும், அதே வயசுல அந்த பொறுப்பு இல்லாத 13 பேரையும் எடுத்து, கையில மூணரை மில்லிமீட்டர் அளவுக்கு சின்ன காயம் போட்டு ஆறுறதுக்கு எத்தன நாள் ஆகுதுன்னு பாத்தாங்க. பாத்துக்கறவங்களுக்கு சராசரியா 9 நாள் கூடுதலா ஆச்சு. இன்னொன்னு 1999ல வந்துச்சு, கணவனையோ மனைவியையோ பாத்துக்கற வயசானவங்கள நாலு வருஷம் தொடர்ந்து கவனிச்சதுல, பாத்துக்கறது ரொம்ப பாரமா இருக்குன்னு சொன்னவங்க இறந்து போற வாய்ப்பு மத்தவங்கள விட 63 சதவீதம் அதிகமா இருந்துச்சு. ஆனா இதுல நான் கெட்டியா புடிச்சுகிட்டது வேற ஒரு விஷயம். பாத்துக்கறாங்க ஆனா பாரமா இல்லைன்னு சொன்னவங்களுக்கு அப்படி கூடல. அப்போ நம்மள அழிக்கிறது வேலை இல்ல, அந்த வேலைய கை மாத்த ஆள் இல்லாம தனியா செய்யறதுதான். இனிமே கீழ நான் சொல்ற எல்லாமே இத வெச்சுதான்.

ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பி படுக்க வைக்கணும்ங்கிறாங்க, நான் எப்பதான் தூங்குறது?

திருப்பணும், அதுல சமரசம் பண்ண முடியாது, படுக்கைப் புண் வந்துட்டா உங்க கஷ்டம் பத்து மடங்கு ஆகும். ஏர் பெட் போட்டாலும் திருப்பணும். ஆனா எல்லா தடவையும் நீங்களே திருப்பணும்னு எந்த டாக்டரும் சொல்லல.

நாங்க மொத ஒன்றரை வருஷம் பண்ண தப்பு இதுதான். பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலுன்னு எல்லாத்துக்கும் நான்தான் எழுந்தேன், தூக்கம் துண்டு துண்டா போச்சு. அப்பறம் மாத்தினோம், பத்து மணியும் பன்னெண்டு மணியும் வீட்டுக்காரர் பாப்பாரு, நான் ஒன்பதரைக்கே வேற ரூம்ல கதவ சாத்திட்டு படுத்துடுவேன், ரெண்டு மணிக்கு நான் எழுந்தா அவர் ஆறரை வரைக்கும் தூங்குவாரு. ரெண்டு பேருக்கும் முழுசா நாலு மணி நேரத்துக்கு மேல சேந்தாப்புல கெடச்சுது. மொத வாரத்துலயே எனக்கு தலைவலி நின்னுச்சு.

இன்னொரு சின்ன விஷயம், இடுப்புக்கு கீழ பழைய பெட்ஷீட்ட நாலா மடிச்சு குறுக்கா போட்டு வெச்சுக்கோங்க. ஆள தூக்காதீங்க, அந்த துணிய ரெண்டு கையாலயும் உங்க பக்கம் இழுத்து, அவங்க முழங்கால மடக்கி, தோளும் இடுப்பும் சேந்து வர்ற மாதிரி உருட்டுங்க, முதுகுக்கு பின்னாடி ஒரு தலகாணி, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி. அத்தை அறுபத்தெட்டு கிலோ, நான் அம்பத்து மூணு. துணி இல்லாம தூக்கி தூக்கி என் முதுகு போனப்பறம்தான் ஒரு நர்ஸ் சிஸ்டர் இத சொல்லிக் குடுத்தாங்க.

மூச்சுப்பயிற்சி, யோகா பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, அதெல்லாம் நெசமாவே உதவுமா?

உதவும், ஆனா அது தலைவலிக்கு தைலம் தேய்க்கிற மாதிரி, காரணத்த எடுக்காது. மூணு நாலு எண்ணி மெதுவா உள்ள இழுத்து, அத விட நீளமா, ஆறு எண்ணி வெளிய விடுங்க, ஒரு அஞ்சு நிமிஷம். மூச்ச வெளிய நீளமா விட விட இதயத்துடிப்பு குறையும், அது நிஜம். நான் டயப்பர் மாத்தப் போறதுக்கு முன்னாடி கதவுகிட்ட நின்னு ஆறு தடவ பண்ணுவேன், இல்லைனா அத்தை மேல எரிச்சலோடதான் கை வைப்பேன்.

நடக்க முடிஞ்சா நடங்க, மொட்டை மாடியில இருவது நிமிஷம் போதும். அதுக்கு அந்த இருவது நிமிஷம் யாரு உள்ள உக்காருவாங்கங்கறதுதான் கேள்வி, அதுக்கு அடுத்ததப் படிங்க.

என் வீட்டுக்காரருக்கு என் கஷ்டம் புரியவே மாட்டேங்குது, எப்படி சொன்னா புரியும்?

"என்னால முடியல"ன்னு சொன்னா அவங்களுக்கு அது ஒரு அழுகையாதான் கேக்கும், ரெண்டு நாள் பாவமா பாப்பாங்க, மறுபடி பழையபடி. மணியையும் வேலையையும் சொல்லிக் கேளுங்க. "ஞாயித்துக்கிழம பத்துலேந்து ஒண்ணு வரைக்கும் நான் வீட்ல இருக்க மாட்டேன், பதினொரு மணிக்கு ஃபீட் குடுக்கணும், குடுத்தப்பறம் அரை மணி நேரம் தலைய நிமித்தி வெச்சிருக்கணும், யூரின் பேக் காலி பண்ணணும்." இப்படி.

அப்பறம் கெளம்பிப் போயிடுங்க. இதுதான் கஷ்டம், வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து சொல்லிட்டே இருப்போம். மொத தடவ எங்க வீட்ல டயப்பர தப்பா கட்டி பெட் பூரா நனஞ்சு போச்சு, நான் வந்தப்ப அவரே ஷீட் மாத்திட்டு வேர்த்து விறுவிறுத்து நின்னாரு. அன்னிக்கு ராத்திரி "இத நீ தெனமும் நாலு தடவ பண்றியா"ன்னு கேட்டாரு. வாயால சொல்லி ஒன்றரை வருஷமா புரியாதது அந்த மூணு மணி நேரத்துல புரிஞ்சுது.

கூடப் பொறந்தவங்க மாசா மாசம் பணம் அனுப்பிட்டு கடம முடிஞ்சுதுன்னு இருக்காங்க. கேட்டா சண்ட வருது. என்ன பண்றது?

அனேகமா எல்லா வீட்லயும் இதுதான். எங்க கொழுந்தனார் பெங்களூர், நாத்தனார் கோயம்புத்தூர். ஃபோன் பண்ணா "ஏன் அம்மா எளச்சு போயிருக்காங்க"ன்னு கேப்பாங்க, அது ஒரு குத்தம் மாதிரி நெஞ்சுல தைக்கும். பணம் அனுப்புறத கொறச்சு பேசாதீங்க, அதுவும் பெரிய உதவிதான். கூடவே நாள் கேளுங்க. நாங்க கேட்டது மூணு மாசத்துக்கு ஒரு தடவ அஞ்சு நாள். அவங்க வந்து இருக்கணும், நாங்க ரெண்டு பேரும் எங்கயாச்சும் போகணும். நாத்தனார் வந்தாங்க, மூணாவது நாளே ஃபோன்ல குரல் வேற மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்பறம் எளச்சுப் போனதப் பத்தி பேச்சே வரல. கொழுந்தனாருக்கு லீவு கெடைக்காது, அவர்கிட்ட உதவிக்கு வர்ற ஆளோட சம்பளத்த ஏத்துக்க சொன்னோம்.

நோட்டு ஒண்ணு போடுங்க. மாத்திரை, டயப்பர், டாக்டர் ஃபீஸ், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி மாசக் கடைசியில குடும்ப வாட்ஸப் குரூப்புல ஃபோட்டோ எடுத்து போடுங்க. வாக்குவாதத்துல பாதி அங்கயே நின்னுடும்.

பெத்தவங்களுக்கு சாப்பாட்டுக்கே வழி பண்ணாத பிள்ளைங்கன்னா அது வேற. 2007ல வந்த மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்டிஓ, அதாவது வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்ல (வண்டி லைசென்ஸ் ஆர்டிஓ இல்ல) இருக்கற தீர்ப்பாயத்துல ஜீவனாம்சம் கேக்கலாம். வழி தெரியலைன்னா 14567, முதியோருக்கான இலவச நம்பர், காலையில எட்டுலேந்து ராத்திரி எட்டு வரைக்கும்.

ஆள் வெச்சா ஊர்ல என்ன சொல்லுவாங்க? "பெத்தவள பாக்க முடியாம கூலிக்கு விட்டுட்டா"ன்னு பேச மாட்டாங்களா?

பேசுவாங்க. பேசுறவங்க ஒருத்தர் கூட ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து திருப்பி விட மாட்டாங்க. காலையில குளிப்பாட்ட மட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர் வந்தாலே உங்க முதுகு தப்பிச்சுது. வசதி இல்லாதவங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி சுகர் மாத்திரை மட்டும் இல்ல, பிசியோதெரபியும் வலி தணிக்கிற சிகிச்சையும் வீட்டுக்கே வந்து பண்றாங்க. நெறைய பேருக்கு இது தெரியல.

நான் ஆம்பள. அம்மாவுக்கு நான்தான் எல்லாம் பண்றேன், டயப்பர் உள்பட. யார்கிட்டயும் சொல்ல வரல. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லங்க. எனக்கு வர்ற ஃபோன்ல மூணுல ஒண்ணு ஆம்பளைங்கதான், கல்யாணம் ஆகாம அம்மாவோட இருக்கறவங்க, மனைவி படுத்துட்டவங்க. நீங்க பண்றது வெக்கப்பட வேண்டிய வேலை இல்ல. மேல ஒரு துண்டப் போட்டு மூடிகிட்டே சுத்தம் பண்ணுங்க, பண்றதுக்கு முன்னாடி "அம்மா, தொடைக்கப் போறேன்"னு சொல்லிட்டு பண்ணுங்க, அவங்க கூச்சமும் கொறையும், உங்க கூச்சமும் கொறையும்.

ஆம்பளைங்க அழாம குடியில எறங்குறத நான் நெறைய பாத்துட்டேன். குடிச்சா ஒடனே தூக்கம் வரும், ஆனா பாதி ராத்திரிக்கு மேல முழிப்பு தட்டிடும், அடுத்த நாள் படபடப்பு இன்னும் ஜாஸ்தியாதான் இருக்கும். அந்த மாதிரி போகுதுன்னு தெரிஞ்சா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போங்க, ஓபி சீட்டு போதும்.

பசங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழறேன். பையன் பிளஸ் டூ வேற. இது அவனை பாதிக்குமா?

பாதிக்கும், மறச்சா இன்னும் பாதிக்கும். வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியாத பிள்ளை, தான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்கும். அடிக்கடி வயித்துவலி, ஸ்கூலுக்கு போக மாட்டேன்னு அடம், எதுலயும் பேச்சு இல்ல, இதெல்லாம் அந்த அடையாளம். "பாட்டிக்கு ஒடம்பு இப்படி, அம்மாவுக்கு தூக்கம் இல்ல, அதான் கத்திட்டேன், உன் மேல கோவம் இல்ல"ன்னு அன்னிக்கே சொல்லிடுங்க. சின்ன வேலை ஒண்ணு குடுங்க, ஆனா நர்ஸ் வேலை குடுக்காதீங்க. எங்க பொண்ணு தெனமும் சாயந்தரம் பாட்டிக்கு பேப்பர் தலைப்பு வாசிச்சு காட்டுவா, பத்து நிமிஷம்.

அப்பாவுக்கு மறதி நோய். ஒரே கேள்விய அம்பது தடவ கேக்குறாரு. நேத்து தாங்காம கத்திட்டேன், கைய கூட ஓங்கிட்டேன். நான் மனுஷியே இல்லையோ?

கைய ஓங்கினது எச்சரிக்கை மணி, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க, ஆனா உங்களையே அழிச்சுக்கவும் வேண்டாம். கேட்டத மறக்கறது அவர் வேணும்னு பண்றது இல்ல, புதுசா எதையும் பதிய வைக்கிற எடம் மூளையில கெட்டுப் போச்சு, ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது மொதல் தடவ. "இப்பதான சொன்னேன்"னு சொன்னா பிரயோஜனம் இல்ல. அவர் கேக்குறதுக்கு பின்னாடி ஒரு பயம் இருக்கும், "பஸ்ஸு எப்ப வரும்"னா வீட்டுக்கு போகணும்னு மனசு அடிச்சுக்குதுன்னு அர்த்தம். "வரும்பா, அதுக்குள்ள காப்பி குடிப்போம்"னு கைய புடிச்சா அடங்கும்.

கை நடுங்குற அளவுக்கு கோவம் வந்தா, அவர் விழாத மாதிரி உக்கார வெச்சிட்டு ரூம விட்டு வெளிய வந்துடுங்க, முன்னாடி சொன்ன மூச்சு ஆறு தடவ. அடுத்த நாளே ஆள் மாத்துறதுக்கு ஏற்பாடு பண்ணுங்க. இந்த நெலமைக்கு வந்திருக்கீங்கன்னா, எல்லாத்தையும் தனியா பாத்துக்கறதுதான் காரணம்.

அவங்க போயிட்டா தேவலைன்னு சில சமயம் தோணுது. இது பாவம் இல்லையா?

இத கேக்கறப்ப எல்லாரும் குரல தாழ்த்திதான் கேப்பாங்க. எனக்கும் தோணிச்சு. 2020 லாக்டவுன்ல, பகல்ல சம்பளத்துக்கு உதவிக்கு வர்ற அக்கா வர முடியாம போச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல நாங்களேதான், ஒரு நாள் விடியக்காலையில ஈரத் துணிய அலசிகிட்டே அப்படி நெனச்சேன், நெனச்ச ஒடனே ஒடம்பு நடுங்கிடுச்சு.

நீங்க அவங்க சாவ விரும்பல, அவங்க வலியும் உங்க வலியும் முடியணும்னு விரும்புறீங்க. அத தோண விடுங்க, தோணுறது வேற, செய்யறது வேற. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய் விட்டு சொல்லிடுங்க. நான் எங்க அம்மாகிட்ட சொன்னேன். அவங்க திட்டல, "உங்க பாட்டி படுத்திருந்தப்ப எனக்கும் தோணிச்சு"ன்னாங்க.

அவங்க இல்ல, நானே போயிடலாம்னு தோணுது. என்ன பண்றது?

இத படிக்கிறப்பவே அப்படி தோணிட்டு இருந்தா மத்தத அப்பறம் படிங்க, இப்ப 14416க்கு ஃபோன் பண்ணுங்க. டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச அரசாங்க சேவை, காசு கெடையாது, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயே பேசலாம். பக்கத்துல இருக்கற ஒருத்தர எழுப்புங்க, தனியா இருக்காதீங்க, வீட்ல இருக்கற மாத்திரை டப்பாவெல்லாம் அவங்க கையில குடுத்துடுங்க.

போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து மறைக்கிறவங்க உண்டு. 2017 மனநல சட்டப்படி, தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், அதுக்காக தண்டிக்கக் கூடாது, சிகிச்சை குடுக்கறது அரசாங்கத்தோட கடம. நீங்க டாக்டர்கிட்ட சொல்றத ரகசியமா வெக்கணும்னும் அதே சட்டத்துல இருக்கு.

மனநல டாக்டர் குடுக்கற மாத்திரை சாப்பிட்டா பழகிப் போயிடும்ங்கிறாங்களே?

எல்லா மாத்திரையையும் ஒண்ணா சேக்காதீங்க. மனச்சோர்வுக்கு குடுக்கற மாத்திரைங்க போதை மாதிரி அடிமைப்படுத்தாது, வேலை செய்யவே ரெண்டுலேந்து நாலு வாரம் ஆகும், அதுக்குள்ள "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடாதீங்க, நல்லா ஆனதும் திடீர்னு நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாதான் கொறைக்கணும். பழகிப் போறது ஆல்ப்ரசோலம் மாதிரியான தூக்கத்துக்கு, பதட்டத்துக்கு குடுக்கற வகை. அத டாக்டர் கொஞ்ச நாளைக்குதான் எழுதுவாரு, மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க, படுத்திருக்கறவங்களோட மாத்திரைய எடுத்து நீங்க போட்டுக்காதீங்க.

அவங்க இறந்து ஆறு மாசம் ஆச்சு. இப்ப நிம்மதியாதான இருக்கணும், ஏன் இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது?

அத்தைக்கு பேச்சு வராது இல்ல, இடது கையால டம்ளர எடுத்து கட்டில் கம்பியில தட்டுவாங்க, டிங் டிங்னு ரெண்டு தடவ. அவங்க போன அப்பறமும் எனக்கு அது கேட்டுச்சு, எழுந்து போய் அந்த ரூம் லைட்ட போட்டிருக்கேன். வருஷக்கணக்கா பழகுன உடம்புக்கு வேலை முடிஞ்சுதுன்னு தெரிய நாளாகும். கூடவே துக்கம், நிம்மதி, நிம்மதியா இருக்கேனேங்கற குத்த உணர்ச்சி, மூணும் கலந்து வரும். எனக்கு எட்டாவது மாசம்தான் கொறஞ்சுது. வருஷம் திரும்பியும் சாப்பாடு, தூக்கம், வெளிய போறது எதுவும் சரியாகலைன்னா டாக்டரப் பாருங்க.

உங்க உடம்ப இப்ப செக் பண்ணுங்க, பிபி, சுகர், ஹீமோகுளோபின். எனக்கு ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்துச்சு, அவ்ளோ நாளும் அசதின்னே நெனச்சிருந்தேன். ஃபோன்ல இருக்கற அலாரத்தயெல்லாம் எடுத்துடுங்க. கட்டில், ஏர் பெட் எல்லாம் அந்த ரூம்லயே அப்படியே போட்டு வெக்காதீங்க, தேவைப்படுறவங்களுக்கு குடுத்துடுங்க. எங்களுது ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்ல இருக்கு, அவங்க அப்பாவுக்கு. ஞாயித்துக்கிழம பத்துலேந்து ஒண்ணு வரைக்கும் நான் போய் உக்காருறேன், அந்தப் பொண்ணு வெளிய போயிட்டு வருவா.